தேய்ந்த தண்டைப் பூச்சுக்கு அனுப்பும் முன்: டர்பனுக்குப் புதிதாக வந்த பராமரிப்புக்காரர்களுக்கு

மூன்று வாரம். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, நான் வெப்பத் தெளிப்புப் பூச்சுக்கு அனுப்பிய முதல் ஸ்லீவ் (தண்டின்மேல் மாட்டும் உறை) அவ்வளவுதான் தாங்கியது. வடக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலை, கரும்புச்சாறு பம்ப். தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்டைப் பிரித்தபோது, அதில் அடைத்திருந்த பேக்கிங் கயிற்றில் கருஞ்சாம்பல் நிறச் செதில்கள் ஒட்டியிருந்தன. ஒன்றை நகத்தால் கிளப்பி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் கண்ணாடி போல் மெருகு. அது சரிதான், கிரைண்டிங் செய்த பக்கம். உட்பக்கமும் வழவழவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. இரும்பைப் பிடித்துக்கொள்ள வேண்டிய பக்கம் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்க வேண்டும். இது எதையும் பிடிக்கவே இல்லை, சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

பூச்சுக் கடைக்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. காரணம் நான். புது ஸ்லீவைக் கடைந்தபோது, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அதை 55 ராக்வெல் வரை கடினமாக்கிவிட்டேன். பூசும் முன் கூர்மையான துகள்களை வேகமாக அடித்து இரும்பைச் சொரசொரப்பாக்குவார்கள், அதுதான் கிரிட் பிளாஸ்டிங். அவ்வளவு கடினமான இரும்பில் அது பல் பதிக்காது. பல் பதியாத இடத்தில் பூச்சு நிற்காது. நான் அதைத் தாளில் எழுதவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கோயம்புத்தூர் பம்ப் பட்டறைகளில் பதினொரு வருடம் குப்பை கொட்டிவிட்டு வந்தவன் செய்த வேலை இது.

ஜேக்கப்ஸ், பைன்டவுன், புரோஸ்பெக்டன் பக்கம் பட்டறைகளில் புதிதாகச் சேர்ந்து, ‘இந்தத் தண்டைப் பூசி வாங்கி வா’ என்று முதல் வேலையாகக் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொழில்நுட்பம் ஒரு பத்தியில்: கம்பியையோ பவுடரையோ உருக்கி, வேகமாகப் பொருளின் மேல் அடிக்கிறார்கள். சூடான தோசைக்கல்லில் தெறித்த மாவுத்துளி போல ஒவ்வொரு துளியும் தட்டையாகி உறைகிறது. அப்படி ஆயிரக்கணக்கான துளிகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்ததுதான் வெப்பத் தெளிப்புப் பூச்சு. துளி உருகியிருந்தாலும் தண்டு உருகுவதில்லை. பெரும்பாலும் 150 டிகிரிக்குள் வைத்துக்கொள்வார்கள். அதனால்தான் வெல்டிங் வைத்து நிரப்பினால் வளைந்துவிடும் தண்டு இதில் வளைவதில்லை. ஆனால் வெல்டிங்கில் உலோகமும் உலோகமும் கலந்துவிடும். இங்கே பிடிப்பு பெரும்பாலும் சொரசொரப்பில் கோத்துக்கொள்கிற பிடிப்புதான். கீழே நான் சொல்லும் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து பிறந்தவை.

1. முதலில் தேய்மானத்தைப் படியுங்கள்

தண்டைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பாருங்கள். சுற்றிலும் ஒரே சீரான பள்ளம் என்றால் பேக்கிங்கோ சீல் உதடோ தின்றது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் தண்டு நடுமையத்தில் ஓடவில்லை. பேரிங்கையும் அலைன்மென்ட்டையும் பாருங்கள். பூச்சு அந்த நோயைத் தீர்க்காது. குழிகுழியாக இருந்தால் அரிப்பு. நீரோட்டத் திசையில் வாரிய கோடுகள் இருந்தால் மணல். கரும்போடு வரும் மண் பம்ப்பை எப்படித் தின்னும் என்பதை ஆலைக்காரர்களைக் கேட்டால் அரை நாள் சொல்வார்கள்.

அடுத்தது விரிசல். பூச்சு தண்டுக்கு வலுச் சேர்ப்பதில்லை. விரிசல் விட்ட தண்டின்மேல் எவ்வளவு உயர்ந்த பூச்சு போட்டாலும் அது விரிசல் விட்ட தண்டுதான். பூச்சுக்கு முன்பே, சாயத்தை ஊறவிட்டு விரிசலைக் காட்டும் டை பெனட்ரன்ட் சோதனை செய்துவிடுங்கள். ஸ்ப்ரே டப்பா மூன்று வாங்கினால் பட்டறையிலேயே முடிகிற வேலை. பூச்சு போட்ட பிறகு அதே சோதனையைச் செய்தால் பூச்சின் நுண்துளைகளில் சாயம் இறங்கி எல்லாம் விரிசல் போலத் தெரியும், பயனில்லை.

சில இடங்களுக்கு இந்தப் பூச்சே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பல்சக்கரப் பற்கள், மரைகள், சாவிப்பள்ளத்தின் விளிம்பு, சுத்தியலடி விழும் இடம், ஒரு புள்ளியில் பாரம் அழுத்தும் இடம் இவை எல்லாம் அந்த வகை. குறுகிய துளையின் உட்புறமும் சிரமம்தான். கன் (பூச்சைத் தெளிக்கும் துப்பாக்கி) நேராகப் பார்க்கிற இடத்தில்தான் பூச்சு விழும். 90 டிகிரியில் அடிப்பது உத்தமம், 45-க்குக் கீழே சாய்ந்தால் பூச்சு பஞ்சுபோல் ஆகிவிடும்.

2. எந்த முறை, எந்தப் பொருள்

‘ஹார்ட் கோட்டிங் போட்டுக் கொடுங்கள்’ என்று எழுதி அனுப்பாதீர்கள். நான் அப்படித்தான் அனுப்பினேன். அது ஹோட்டலில் உட்கார்ந்து ‘சாப்பாடு கொடுங்கள்’ என்பது போல. அவர்களிடம் எது மிச்சம் இருக்கிறதோ அது வரும்.

பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து லூசாகிவிட்டது, அளவை மீட்டால் போதும் என்றால் ஆர்க் ஸ்ப்ரே போதும். இரண்டு கம்பிகளுக்கு நடுவே மின்வில் உண்டாக்கி, உருகியதைக் காற்றால் ஊதி அடிப்பார்கள். இருப்பதில் மலிவு, வேகமும் அதிகம். இரண்டு மில்லிமீட்டர் வரைகூட ஏற்றலாம். அடியில் நிக்கல்-அலுமினியக் கம்பியால் ஒரு பிடிப்புப் படலம், மேலே 13 சதவீதக் குரோமியம் உள்ள 420 வகைக் கம்பி என்பது பழகிய கூட்டணி. லேத்திலோ கிரைண்டரிலோ முடிக்கலாம்.

ஆக்சிஜன்-அசிட்டிலின் சுடரில் அடிப்பது பழைய முறை. சுடர் 3,000 டிகிரியைத் தாண்டும், ஆனால் துளிகளின் வேகம் நொடிக்கு 100 மீட்டரை எட்டுவதே அதிகம். பூச்சில் நுண்துளைகள் பத்து சதவீதத்துக்கும் மேல் இருக்கலாம். மென்மையான உலோகங்களுக்கு இன்னும் நன்றாகவே உதவுகிறது.

பீங்கான் வகை வேண்டுமென்றால் பிளாஸ்மா. 10,000 டிகிரிக்கு மேல் போகும் பிளாஸ்மாவில் எதுவும் உருகும். பேக்கிங் ஓடும் ஸ்லீவுக்குக் குரோமியம் ஆக்சைடு போடுவது உலகெங்கும் வழக்கம். கறுப்பாக, வழவழப்பாக, ரசாயனங்களுக்கு அசையாமல் இருக்கும். ஆனால் பீங்கான் பீங்கான்தான். பொருத்தும்போது ஒரு தட்டு தட்டினால் ஓரம் உடைந்து கையோடு வரும்.

மணலும் அழுத்தமும் சேர்ந்த இடத்துக்கு ஹெச்.வி.ஓ.எஃப். எரிபொருளையும் ஆக்சிஜனையும் அடைத்த அறையில் எரித்து, ஒலியை மிஞ்சும் வேகத்தில் பவுடரை அடிப்பார்கள். துகள்கள் நொடிக்கு 500 மீட்டருக்கு மேல் வந்து மோதும். நுண்துளை ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் அடங்கும். டங்ஸ்டன் கார்பைடு போட்டால் கடினம் 1,000 முதல் 1,300 விக்கர்ஸ் வரை வரும். கடினக் குரோம் முலாம் போட்டுவந்த ஹைட்ராலிக் தண்டுகள் பலவும் இதற்கு மாறியிருக்கின்றன. முலாம் தொட்டியின் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தருவது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

டங்ஸ்டன் கார்பைடு என்று மட்டும் எழுதினாலும் போதாது. கார்பைடு துகள்களைக் கட்டிவைத்திருக்கும் உலோகம் எது என்பதுதான் கேள்வி. வெறும் கோபால்ட் 12 அல்லது 17 சதவீதம் உள்ள வகை உலர்ந்த இடத்துக்கு நல்லது. கரும்புச்சாறு புளிப்பு, பி.எச். அளவு ஐந்து சொச்சம். அதில் வெறும் கோபால்ட் மெல்ல அரிக்கப்பட்டு, கார்பைடு துகள்கள் பல் விழுவது போல் விழும். சாறு, கடல்நீர், துறைமுக வேலை என்றால் 10 சதவீதக் கோபால்ட்டும் 4 சதவீதக் குரோமியமும் உள்ள வகையைக் கேளுங்கள். சூடு ஏறக்குறைய 500 டிகிரியைத் தாண்டினால் டங்ஸ்டன் கார்பைடையே மறந்துவிட்டு, நிக்கல்-குரோமியத்தில் கட்டிய குரோமியம் கார்பைடுக்கு மாறுங்கள். அது 850 டிகிரி பக்கம் வரை தாங்கும். ம்புமலாங்கா மாகாணத்தின் நிலக்கரி மின்நிலையங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பாய்லர் குழாய்களில் சாம்பல் அரிப்புக்காக இதுபோன்ற பூச்சுகளைப் பார்ப்பார்கள்.

கடற்கரை இரும்புக் கட்டுமானத்துக்குத் துத்தநாகமோ அலுமினியமோ அடிப்பதும் இதே குடும்பம்தான், அதற்கு ஐ.எஸ்.ஓ. 2063 தரத்தைக் கேட்டு வாங்குங்கள். மற்றபடி அது வேறு உலகம்.

ஒரு பொறி: ‘ஸ்ப்ரே அண்ட் ஃபியூஸ்’ என்று ஒன்று உண்டு. அடித்த பிறகு 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்கி உருக்கி ஒட்டுவார்கள். பிடிப்பு அபாரம். ஆனால் ‘தண்டு வளையாது’ என்ற வாக்குறுதி இதற்குச் செல்லாது. நீளமான மெல்லிய தண்டை இதற்குக் கொடுத்துவிட்டு நேராக வரும் என்று காத்திருக்காதீர்கள்.

3. அளவைத் தாளில் வையுங்கள்

முடிந்த அளவு என்ன, அதன் டாலரன்ஸ் (எவ்வளவு கூடலாம், குறையலாம்) என்ன, பூச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த இடத்தில் ஒரு துளிகூட விழக்கூடாது. இவை நான்கும் வரைபடத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும். கையால் போட்ட படம் போதும், ஆனால் படம் வேண்டும்.

பூச்சுக்காக முதலில் தண்டைக் கொஞ்சம் கடைந்து உள்ளே இறக்குவார்கள். கார்பைடுக்கு முடிந்தபின் பக்கத்துக்கு 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருந்தால் போதும். கனமாகப் போட்டால் உள்ளழுத்தம் ஏறி, பூச்சு தானாகவே கழன்றுகொள்ளும். ‘நிறையப் போடுங்கள், நீண்ட நாள் வரும்’ என்று கேட்பது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அது வேலைக்கு ஆகாது. பள்ளம் அதைவிட ஆழம் என்றால் அடியில் வேறு உலோகத்தால் நிரப்பி மேலே கார்பைடு அடிப்பார்கள். அதைத் தனியாகப் பேசுங்கள்.

இறக்கும் பள்ளத்தின் இரு ஓரங்களும் செங்குத்தாக இருக்கக்கூடாது. சாய்வாகவோ வளைவாகவோ இருக்கட்டும். செங்குத்து மூலையில் பூச்சுக்குப் பதில் தூசிதான் போய் அடையும். முதலில் பெயர்வது அந்த மூலைதான். வெளி ஓரங்களின் கூர்மையையும் மழுக்கிவிடுங்கள்.

4. பூச்சுக் கடைக்குக் கொடுக்க வேண்டிய தாள்

இதுதான் என் ஸ்லீவைக் காப்பாற்றியிருக்கக்கூடிய தாள். இப்போது எங்கள் பட்டறையில் இதை அச்சடித்து வைத்திருக்கிறேன். அதில் உள்ளவை: அடிப்படை உலோகத்தின் பெயரும் கடினமும்; கடினமாக்கியதா, நைட்ரைடிங் (நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்குவது) செய்ததா; முன்பு குரோம் முலாமோ பழைய பூச்சோ வெல்டிங்கோ உண்டா; ஓடும் திரவம், அதன் சூடு, பி.எச்., மணல் உண்டா இல்லையா, சுழலும் வேகம், எதிரே உரசும் பொருள் எது, பேக்கிங்கா, மெக்கானிக்கல் சீலா, வெண்கலப் புஷ்ஷா.

‘தெரியாது’ என்பதையும் எழுதுங்கள். தெரியாது என்று எழுதியிருந்தால் நல்ல கடைக்காரர் கடினத்தை அவரே அளந்து பார்ப்பார். வெறுமையாக விட்டால் சாதாரண இரும்பு என்று நினைத்துக்கொள்வார்.

வார்ப்பிரும்பாக இருந்தால் அதைப் பெரிதாக எழுதுங்கள். பல வருடம் எண்ணெயில் ஊறிய வார்ப்பிரும்பு எண்ணெயைப் பஞ்சுபோல் உள்ளே வைத்திருக்கும். மேலே எவ்வளவு துடைத்தாலும், பூசும்போது சூடேறியதும் எண்ணெய் கசிந்து வெளியே வரும். முன்கூட்டியே முந்நூறு டிகிரி அளவில் சுட்டு, எண்ணெயை வெளியேற்றிவிட்டுத்தான் பிளாஸ்டிங் செய்ய வேண்டும். கொட்டேஷனில் இந்தச் சூட்டுக்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செய்யமாட்டார்கள்.

5. நிறுவனக் காகிதங்கள்

இது சலிப்பான பகுதி, ஆனால் என் இரண்டாவது வேலை ஒன்பது நாள் இதில்தான் தூங்கியது. பட்டறை சொந்தமாக நடத்துபவராக இருந்தாலும், வாங்கும் பொறுப்பில் இருந்தாலும், பெரிய வாடிக்கையாளர் உங்களிடமிருந்தும் நீங்கள் பூச்சுக் கடையிடமிருந்தும் கேட்க வேண்டியவை ஏறக்குறைய ஒன்றே. நிறுவனப் பதிவுச் சான்று. வங்கிக் கணக்கை உறுதிசெய்யும் வங்கிக் கடிதம். வருவாய்த் துறையான ‘சார்ஸ்’ தரும் வரி நிலை பின் எண். தொழிலாளர் இழப்பீட்டு நிதிக்குப் பணம் கட்டியிருப்பதைக் காட்டும் ‘லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்’. பிறகு பி-பி.பி.இ.இ. சான்று, அதாவது கறுப்பினத்தவர் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் நிறுவனத்தின் நிலையைக் காட்டுவது.

கடைசியாகச் சொன்னதில் சிறிய பட்டறைகள் வீணாகப் பணம் செலவழிப்பதைப் பார்க்கிறேன். ஆண்டு விற்பனை ஒரு கோடி ராண்டுக்குள் இருந்தால் தணிக்கை நிறுவனத்துக்குப் போக வேண்டியதில்லை. உறுதிமொழிப் பத்திரம் போதும். அதைக் காவல் நிலையத்திலேயே இலவசமாகக் கையெழுத்திட்டு முத்திரை வாங்கலாம். ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். காலையிலேயே போங்கள், மாதக் கடைசியில் வரிசை நீளம்.

இந்தக் காகிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில், தேதி பார்த்து, எப்போதும் தயாராக இருக்கட்டும். பம்ப் உடைந்து கிடக்கும்போது காகிதம் தேடுவது கொடுமை.

6. கொட்டேஷனைப் படிக்கும் விதம்

விலையைவிட, விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதைப் பாருங்கள். பழைய பூச்சை நீக்குவது, கடைவது, பிளாஸ்டிங், பூச்சு விழக்கூடாத இடங்களை மறைப்பது, பூச்சு, துளை அடைக்கும் சீலர், கிரைண்டிங், அளவு அறிக்கை, போக்குவரத்து எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். மலிவான கொட்டேஷனில் பெரும்பாலும் காணாமல் போவது கிரைண்டிங். கார்பைடைச் சாதாரண கல்லில் தேய்க்க முடியாது, வைரக்கல் வேண்டும். சின்ன ஸ்லீவுக்குப் பூச்சுக் கூலியையே கிரைண்டிங் கூலி தொட்டுவிடுவதும் உண்டு. எந்தக் கல் என்று கேளுங்கள். தவறான கல்லில் சூடேறத் தேய்த்தால் மயிரிழை விரிசல்கள் விழும். கண்ணுக்குத் தெரியாது, பேக்கிங்குக்குத் தெரியும்.

பவுடர் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 80 மி.மீ. விட்டம், 200 மி.மீ. நீளம் உள்ள ஸ்லீவின் பரப்பு சுமார் 500 சதுர செ.மீ. கிரைண்டிங்குக்கு விடுவதையும் சேர்த்து 0.3 மி.மீ. அடித்தால் பூச்சின் கொள்ளளவு 15 கன செ.மீ. கார்பைடின் அடர்த்தி கன செ.மீ.க்கு 13.5 கிராம் என்று வைத்தால் ஒட்டுவது 200 கிராம். அடிக்கிற பவுடரில் நாற்பது சதவீதம் ஒட்டினால் அரைக் கிலோ பவுடர் வேண்டும். இரு முனைகளிலும் கன் தாண்டிப் போய்த் திரும்பும்போது வீணாவது இன்னும் நூறு கிராமாவது இருக்கும். ஆக ஒரு ஸ்லீவுக்கு அறுநூறு கிராம். இரண்டு கிலோவுக்கு விலை போட்டிருந்தால் ஏன் என்று கேட்கலாம். முந்நூறு கிராம் என்றால் இன்னும் கவலையாகக் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் கன்னை மாட்டி, சோதித்து, சூடேற்றுகிற செலவு ஒன்றுதான். ஒரு ஸ்லீவை அனுப்புவதற்கும் நான்கை ஒரே மாண்ட்ரலில் (பிடித்துச் சுழற்றும் கம்பி) கோத்து அனுப்புவதற்கும் ஒன்றுக்கு ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் வரும். இருப்பில் வைக்கப்போகிற ஸ்லீவ்களைச் சேர்த்து அனுப்புங்கள்.

பவுடர் வெளிநாட்டிலிருந்து வருவது. ராண்ட் ஆடினால் விலையும் ஆடும். கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்ற வரியைத் தவறவிடாதீர்கள். அடியில் சின்ன எழுத்தில் ‘வாட் நீங்கலாக’ என்று இருக்கும். 15 சதவீதத்தைச் சேர்த்துத்தான் முதலாளியிடம் சொல்ல வேண்டும். நான் ஒருமுறை சேர்க்காமல் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சோதனைத் துண்டுக்கும் அப்போதே பேசிவிடுங்கள். அதே உலோகத்தில் ஒரு சின்ன வில்லையை உங்கள் ஸ்லீவோடு சேர்த்து, அதே கன், அதே பவுடர், அதே நாளில் பூசித் தரச் சொல்லுங்கள். பிறகு சந்தேகம் வந்தால் வெட்டிப் பார்க்க அதுதான் கிடைக்கும். பிடிப்பு வலிமைக்கு ஏ.எஸ்.டி.எம். சி 633 என்ற சோதனை உண்டு. பூசிய துண்டைப் பசையால் ஒட்டி இழுப்பார்கள். ஹெச்.வி.ஓ.எஃப். பூச்சில் பெரும்பாலும் 70 மெகாபாஸ்கல் பக்கம் பசையே முதலில் அறுந்துவிடும். அறிக்கையில் ‘பசை அறுந்தது’ என்று இருந்தால் பதறாதீர்கள், அது நல்ல செய்தி.

7. எப்போது அனுப்புவது

கரும்பு அரவை ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை ஓடும். அரவை முடிந்ததும் ஜனவரி முதல் மார்ச் வரை எல்லா ஆலைகளும் ஒரே நேரத்தில் பிரித்துப் போடும். அதற்கு முன்னால், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை நாட்டின் தொழில் பட்டறைகள் பெரும்பாலும் பூட்டிக்கிடக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இது நம்பவே கடினம். தீபாவளிக்கு இரண்டு நாள் மூடிப் பழகிய நமக்கு மூன்று வாரம் என்பது பெரிது. டிசம்பர் 20-ஆம் தேதி தண்டைத் தூக்கிக்கொண்டு போனால் காவலாளியைத்தான் பார்க்கலாம். ஆலை வேலையை அக்டோபரிலேயே பேசி, இடம் பிடித்துவிடுங்கள். ஈஸ்டர் வாரத்தையும் கணக்கில் விடாதீர்கள். எங்கள் பட்டறையில் பாதிப் பேர் அந்த வெள்ளிக்கிழமை இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில்தான் இருப்பார்கள். நானும்தான்.

ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்துக் கடைக்கு அனுப்புவதானால் என்3 நெடுஞ்சாலையில் ஐந்நூற்று எழுபது கிலோமீட்டர் போக வேண்டும். ஒரு நாள் என்று சொல்வார்கள். 2024 செப்டம்பரில் வான் ரீனென் கணவாயில் பனி கொட்டிச் சாலையே மூடப்பட்டது. எங்கள் தண்டு லாரியோடு மலைமேல் குளிரில் விறைத்தது. போக்குவரத்துக்குப் போக வர இரண்டிரண்டு நாள் வையுங்கள். வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்பதற்குச் சரக்குக் காப்பீடும், ஏற்றும் முன் எடுத்த படங்களும் வேண்டும்.

பூச்சு அடிக்க ஆகும் நேரம் கேட்டால் சிரிப்பு வரும். ஸ்லீவுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. வரிசை, கடைசல், கிரைண்டிங் இவைதான் நாட்களைத் தின்பவை. சாதாரணமாக ஒரு வாரம் முதல் பத்து நாள் என்று நான் திட்டமிடுகிறேன். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, பாதிப் பூச்சில் மின்சாரம் போய், தண்டு ஆறி, எல்லாவற்றையும் உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கிய கதை இங்கே பலரிடம் உண்டு. ஜெனரேட்டர் இருக்கிறதா என்று இன்றும் கேட்கிறேன்.

8. முதல் வேலைக்கு நேரில் போங்கள்

தொலைபேசியில் கேட்டால் எல்லாரும் நன்றாகத்தான் செய்கிறார்கள். நேரில் போய் பிளாஸ்டிங் முடிந்த தண்டைப் பாருங்கள். மினுங்காத, சீரான சாம்பல் நிறம் இருக்க வேண்டும். ஒரு இடம் மட்டும் பளபளத்தால் அங்கே கிரிட் பதியவில்லை.

நான் இப்போது போகும் கடையில் பூச்சு அடிப்பவர் சாட்ஸ்வொர்த்காரர், டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த பகுதி அது. அவருடைய தாத்தாவின் தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். தமிழ் பேச வராது, ஆனால் என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார், என்னைவிட இருபது வயது மூத்தவர். முதல் நாள் பிளாஸ்டிங் முடிந்து வந்த என் ஸ்லீவை ஆசையாகத் தடவப் போனேன். பட்டென்று புறங்கையில் ஒரு அடி விழுந்தது. அடித்துவிட்டுத் தன் கட்டைவிரலை என் கண்முன் நீட்டி, அதன் வியர்வையைக் காட்டினார். ஒரு விரல் ரேகையின் எண்ணெய் போதும், அந்த இடத்தில் பூச்சு பிடிக்காமல் போக. பிறகு சுத்தமான பருத்திக் கையுறை ஒன்றை எடுத்து என் மார்பில் எறிந்தார். இப்படி அடிக்கிற ஆள் இருக்கிற கடைக்கு நம்பிப் பொருளைக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் அவரிடம்தான் கற்றேன். டர்பனின் கோடையில் காற்று ஈரத்துணி மாதிரி இருக்கும். பிளாஸ்டிங் செய்த பச்சை இரும்பு மணிக்கணக்கில் நின்றால், கண்ணுக்குத் தெரியும் முன்பே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். இரும்பின் சூடு, பனி படியும் நிலையைவிடக் குறைந்தது மூன்று டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது தரநூல் விதி. அவர் சுவரில் ஈரமானி மாட்டியிருக்கிறார்; பிளாஸ்டிங் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் கன் எரிய வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் கறார். மதியச் சாப்பாட்டுக்கு முன் பிளாஸ்டிங், பின் பூச்சு என்று எங்காவது பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

பூச்சு அறைக்குள் போகாதீர்கள். போகச் சொன்னாலும் வேண்டாம். சத்தம் 120 டெசிபலைத் தாண்டும். இந்த நாட்டுத் தொழில் பாதுகாப்பு விதிகள் 85-லேயே காதுக் காப்பு கேட்கின்றன. மின்வில்லின் ஒளி வெல்டிங் போலவே கண்ணைச் சுடும். துத்தநாகம் அடிக்கும் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். இந்த வேலையிலேயே சேரப்போகிறவர் என்றால், சேரும் நாளிலேயே காது சோதனை செய்து அறிக்கையின் பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேட்கும் திறன் குறைந்தால், எப்போது குறைந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

9. திரும்பி வந்ததும்

பெட்டியைத் திறந்தவுடன் மைக்ரோமீட்டரை எடுங்கள். மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளந்து அவர்கள் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். பேக்கிங் ஓடும் இடத்துக்குச் சொரசொரப்பு 0.4 மைக்ரானுக்குள் என்று எழுதிக் கேட்கிறேன். சொரசொரப்பான கார்பைடு பேக்கிங்கை அரம் போல் அறுத்துவிடும். ஓரங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். உடைசல் தொடங்குவது அங்கேதான். அறிக்கையோடு பவுடரின் தொகுதிச் சான்றும், சோதனைத் துண்டும் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே டெலிவரி தாளில் கையெழுத்திடுங்கள். ‘பிறகு அனுப்புகிறோம்’ என்றால் ‘பிறகு கையெழுத்திடுகிறேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். சிரிப்பது முக்கியம், அடுத்த மாதமும் அவர்களிடம்தான் போக வேண்டும்.

பொருத்தும்போது பூச்சின்மேல் சங்கிலி போட்டுத் தூக்காதீர்கள், பெல்ட் போடுங்கள். ஸ்லீவ் இறுக்கமாக இருந்தால் இரும்புச் சுத்தியலை எடுக்காதீர்கள், கேஸ் டார்ச்சால் ஒரே இடத்தில் சுடவும் செய்யாதீர்கள்; கீழே இருக்கும் இரும்பு வேகமாக விரியும், பூச்சு அந்த அளவு விரியாது, விரிசல் விடும். எண்ணெய்த் தொட்டியிலோ அடுப்பிலோ வைத்துச் சீராகச் சூடேற்றினால் போதும். பேக்கிங் கயிற்றைப் புதிதாகப் போடுங்கள். பழைய கயிற்றுக்குள் பழைய பூச்சின் செதில்கள் புதைந்திருக்கும்; என் இரண்டாவது ஸ்லீவில் முதல் வாரமே கோடு விழுந்தது அதனால்தான்.

சோதனைத் துண்டில் வேலை எண்ணைப் பொறித்து மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிறேன். இப்போது முப்பத்தேழு துண்டுகள் இருக்கின்றன. முதல் ஸ்லீவின் செதிலும் அங்கேதான், ஒரு தீப்பெட்டிக்குள்.